லயத்துக் கதையும் அதன் மொழியும்

மலையக நாவல்களைப் பற்றிப் பேச்செழுந்தால் ஒரு கேள்வி எப்போதும் முந்திக்கொள்கிறது: நம் சனங்களின் பாட்டை உள்ளபடி சொல்லியிருக்கிறாரா? தோட்டங்கள் சூழ்ந்த நாவலப்பிட்டி போன்ற ஊரில், பிடித்த எழுத்தாளர் யார் என்பதும் பெரும்பாலும் இந்தக் கேள்வியை வைத்தே தீர்மானமாகிறது.

அதில் நியாயம் உண்டு. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான மக்களுக்கு நாவல் ஒரு சாட்சியம். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) தமிழகத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்களைத் தலைமுறைகளாகத் தொடர்ந்தது. தி. ஞானசேகரனின் 'குருதிமலை' தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்தவர்களின் கதை. இவை எழுதப்படாதிருந்தால் இழப்பு பெரிது.

ஆனால் அந்த ஒரு கேள்வியோடு நின்றுவிட்டால் எல்லா எழுத்தாளரும் ஒரே முகமாகிவிடுகிறார்கள்.

ஞானசேகரன் யாழ்ப்பாணத்தில் பிறந்து, தோட்டங்களில் வைத்தியராகப் பணியாற்றியவர். அவருடைய நாவல்களில் ஒரு வைத்தியரின் கண் தெரிகிறது: அறிகுறியைக் கவனிக்கிறார், காரணம் தேடுகிறார், வெளி வாசகருக்குத் தோட்டத்தை விளக்குகிறார். தேயிலைச் செடியை மீண்டும் துளிர்க்கவென்றே வெட்டிவிடும் வேலையின் பெயரைக் 'கவ்வாத்து' என்று நாவலுக்குச் சூட்டியது, தொழிலின் சொல்லை அவர் எவ்வளவு கருத்தோடு கேட்டிருக்கிறார் என்பதைக் காட்டும். தெளிவத்தை ஜோசப் (1934–2022) தோட்டத்தில் பிறந்தவர். வேலைபார்த்த தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். அவர் விளக்குவது குறைவு. பெரட்டும் (காலையில் வேலைக்கு ஆள் திரட்டும் இடம்) காம்பராவும் (லயத்து அறை) பேச்சின் ஓட்டத்தில் வந்துபோகும்; வாசகர்தான் பின்னால் நடக்கவேண்டும். விளக்கும் நடை அதிகம் பேரைச் சேர்கிறது, ஆனால் சில இடங்களில் பாத்திரத்தை நோயாளியாக்கிவிடுகிறது. விளக்காத நடையில் மனிதர் முழுதாக நிற்கிறார்கள். இந்தக் கட்டுரையின் சாய்வு இரண்டாவதன் பக்கமே.

உள்ளடக்கத்தை மட்டும் அளப்பதில் இன்னொரு நட்டமும் உண்டு. ஜோசப்பின் 'குடைநிழல்' தோட்டத்தைவிட்டுக் கொழும்புக்குப் போகிறது. அங்கே கொழுந்துக் கூடையைத் தேடும் வாசகருக்கு, கைதாகும் தமிழனின் அச்சத்தை அந்த மொழி எப்படிக் கட்டுகிறது என்பது தெரியாமலே போகும்.

தோட்டத்துக்கு வெளியேயும் மலையகம் உண்டு. நாவலப்பிட்டிக்கு 1874இல் ரயில் வந்தது. அந்த ஊரின் கடைச் சிப்பந்தியும் ரயில்வே ஊழியரும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், வாழாத மலையகத்தவர்களே. அவர்களுடைய பேச்சு வேறு, அவசரம் வேறு. மலையக நாவலில் அவர்களுக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கிறது என்று அந்த ஊர் வாசகர்களே கேட்கலாம்.