அடைக்கலமும் வாய்மையும்

கொலைஞன் ஒருவன் வாயிலில் நின்று, தன் கைக்குத் தப்பி உள்ளே ஒளிந்திருப்பவன் எங்கே என வினவுகின்றான். அடைக்கலம் தந்தவர் யாது விடை கூறுவது? இங்கும் பொய் ஆகாது என்று தீர்ப்பளித்தார் ஜெர்மானிய தத்துவஞானி இம்மானுவேல் காண்ட். பிரெஞ்சு அறிஞர் பெஞ்சமின் கான்ஸ்டண்டுக்கு மறுப்பாக 1797-இல் அவர் வரைந்த சிறு கட்டுரை அது. உண்மை உரைத்தல், கேட்பவனின் தகுதியை நோக்காது, மனித குலம் முழுமைக்கும் செலுத்தும் கடன் என்பது அவர் துணிபு. துவாக்குடிப் பொறியியல் மாணவர் சிலர் இவ்வுறுதியை வியந்து பேசக் கேட்டிருக்கின்றோம். வியப்பு முறையே.

ஆயினும் அவர் வாதத்தில் ஓரிடம் உற்று நோக்கற்பாலது. அவன் இங்கில்லை என்று நீர் பொய்யுரைக்க, அவனோ உமக்குத் தெரியாமல் வெளியேறிக் கொலைஞனிடம் சிக்கினால், அம்மரணத்திற்கு நீரே பொறுப்பாளி. மெய்யுரைத்து அவன் மாண்டாலோ அது தற்செயல் என்கிறார். விளைவை நோக்கலாகாது என்பவர், பொய்யுரைத்தவரிடம் மட்டும் விளைவுக்குக் கணக்குக் கேட்கின்றார்! தராசின் ஒரு தட்டை விரலால் அழுத்துவதன்றோ இது?

ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், இஹ்யாவில் நாவின் கேடுகளைக் கூறுமிடத்து, கொடியோனுக்கு அஞ்சி ஒளிந்தவனின் இரத்தத்தை மெய் சிந்தச் செய்யுமாயின், அங்கே பொய் கூறுதல் கூடும் என்பதோடு நில்லாது, 'வாஜிப்' என்றே கூறுகின்றார்கள். ஆகவே இதுவும் கடமையைப் பற்றிய பேச்சேயன்றிக் கடமையைத் தளர்த்தும் பேச்சன்று. அதனினும் நுட்பமானது அடுத்து வருவது: தன் பொருட்டாயின் பொய்யை விட்டுவிடுதலே மேல், பிறர் உரிமை சிக்கியிருக்குமிடத்து அதனை விட்டுக்கொடுக்க இவனுக்கு உரிமையில்லை. காண்ட் காணத் தவறியது இதனையே. வாயிலில் நிற்பவர் தம் வாய்மையைக் காத்துக்கொள்கிறார். அதற்கு விலையாகப் போவதோ பிறன் உயிர்.

வள்ளுவர் 'வாய்மை' அதிகாரத்தின் இரண்டாங் குறளில், குற்றமற்ற நன்மை தரும் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைத்தார். அடுத்த குறளிலேயே நெஞ்சறிந்த பொய்யைக் கடிந்தார். உரையாசிரியர்கள் இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கச் செய்வது நன்று. முன்னதை மட்டும் பற்றிக்கொள்வோர் கடைத்தெருவில் மிகுதி.

பொய்க்கும் மெய்க்கும் இடையே 'தவ்ரியா' என்னும் இருபொருட் சொல் உண்டு. அனுமதிக்கப்பட்ட இடத்தும் அதனைக் கையாளுதலே பேணுதல் என்பது இமாம் நவவி (ரஹ்) அவர்களின் கருத்து. ஹிஜ்ரத் பயணத்தில், உடன் வருபவர் யார் என்று வினவியோரிடம், எனக்கு வழி காட்டுபவர் என்றார்கள் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள். கேட்டவர் பாலைவழி என எண்ணினார். சொன்னவர் கருதியதோ நன்மையின் வழி.

காண்ட்டும் இவ்வழியை அறியாதவரல்லர். 1794-இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் வில்லியம் அவரைக் கண்டித்தபோது, 'மாட்சிமை தங்கிய தங்களின் குடிமகன்' என்ற முறையில் இனிச் சமயம் பற்றி எழுதுவதில்லை என வாக்களித்தார். 1797-இல் மன்னர் மாண்டார். மறு ஆண்டே எழுதலானார் காண்ட். அம்மன்னரின் ஆயுள்வரை மட்டுமே தம்மைக் கட்டுமாறு அச்சொற்களைத் தேர்ந்து அமைத்ததாக அவரே விளக்கமும் தந்தார்.