பி.எட். டீச்சர் வந்தாச்சு!

திருவனந்தபுரம் தைக்காடு அரசு மாடல் பாய்ஸ் பள்ளியைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் ஆரியசாலைக்காரர்கள் முதலில் சொல்வது, அது மோகன்லால் படித்த பள்ளி என்பதைத்தான். சொல்லட்டும். எனக்குப் பெருமை வேறு விஷயத்தில். பள்ளியை ஒட்டியே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. 1910-இல் தொடங்கியது, இப்போது கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. அங்கே பி.எட். படிக்கிறவர்கள் இங்கே வந்து வகுப்பெடுக்கிறார்கள். என்ன வகுப்பு, என்ன வகுப்பு! என் பையன் ஒன்பதாம் கிளாஸில் இருப்பது அவன் செய்த புண்ணியம்.

நான் சாலை பஜார்ப் பக்கம் ஸ்டேஷனரிக் கடை வைத்திருப்பவன். 'டீச்சிங் பிராக்டிஸ்' தொடங்கிவிட்டது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். சாயங்காலமானால் சார்ட், தெர்மாகோல், ஸ்கெட்ச் பேனா கேட்டுக் கடை வாசல் நிரம்பிவிடும். "அண்ணாச்சி, இந்தக் கலர் வேண்டாம், கடைசி பெஞ்சுக்குத் தெரியாது" என்று நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தர் சார்ட்டைத் தூரத்தில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பார். கடைசி பெஞ்சைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. என் பையன் உட்கார்வதும் அங்கேதான்!

அவரே ஒரு நாள் ஊசி கழற்றிய இரண்டு சிரிஞ்சோடு வந்தார். ஒன்று 5 மில்லி, இன்னொன்று 20 மில்லி. நடுவில் மெல்லிய குழாய், உள்ளே நீலம் கலந்த தண்ணீர். பெரிய சிரிஞ்சின் தலையில் என் கணக்கு நோட்டை வைத்துவிட்டு, சின்னதை விரலால் அழுத்தினார். நோட்டு லேசாகத்தான் அசைந்தது. குழாய்க்குள் காற்றுக் குமிழி. தண்ணீர் அமுங்காது, காற்று அமுங்கும். அழுத்துகிற தூரமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடுகிறது என்றார். கழற்றி, மறுபடி தண்ணீர் நிரப்பி, குமிழியைத் தட்டித் தட்டி வெளியேற்றினார். இப்போது நோட்டு ஜம்மென்று எழுந்தது! பெரிய பக்கத்தில் பலம் கூடும், எழும்புகிற உயரம் குறையும், ஜே.சி.பி.யின் கை மண்ணைத் தூக்குவதும் இப்படித்தானாம். கடைக்கு வந்த கூட்டம் சாமான் வாங்குவதை மறந்து நின்றது. மறுநாள் ராத்திரி எங்கள் வீட்டில் பையன் பாட்டிக்குப் பாஸ்கல் விதி நடத்தினான். புத்தகத்தைத் தொடாத பயல்!

இந்த பி.எட். டீச்சர்களிடம் அப்படி என்ன விசேஷம்? வழக்கமான ஆசிரியருக்கு அடுத்தடுத்து வகுப்பு, பரீட்சைப் பேப்பர் வேறு. இவர்களோ ஒரு பீரியடுக்கு முந்தின ராத்திரியே லெஸ்ஸன் பிளான் எழுதி, அதற்குக் கையெழுத்தும் வாங்க வேண்டும். வகுப்பில் கூடப் படிக்கிறவர்கள் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். சில நாள் கல்லூரிப் பேராசிரியரே வந்து உட்கார்வார். அன்றைக்குப் பசங்களைப் பார்க்க வேண்டும்! டீச்சருக்கு மார்க் போடுகிற நாள் என்று தெரிந்து, கேள்வி முடியும் முன்பே வகுப்பு மொத்தமும் கை தூக்குமாம். பதில் தெரியாதவன் உட்பட.

பி.எட். ஒரே வருஷமாக இருந்தபோது இத்தனை வாரம் கிடையாது. 2014 விதிமுறைப்படி அது இரண்டு வருஷமானதிலிருந்து பள்ளியோடு 20 வாரம் பழக வேண்டும். கல்லூரியோடு ஒட்டிய பள்ளி உலகத்துக்குப் புதிதல்ல. கல்வியாளர் ஜான் டூயி 1896-லேயே சிகாகோ பல்கலைக்கழகத்தில், கல்விக் கருத்துகளைச் சோதித்துப் பார்க்கவென்று ஒரு பள்ளி நடத்தியவர்.

'போர்ஷன் பின்தங்குகிறது, பிள்ளைகளை வைத்துப் பழகிப் பார்க்கிறார்கள்' என்று முணுமுணுக்கிற பெற்றோரும் உண்டு. போர்ஷன் கொஞ்சம் பின்தங்கும், வாஸ்தவம். பின்தங்கினால் என்ன? டியூஷன் சென்டருக்குப் பணம் கட்டி முன்னால் ஓடினவன் பாட்டிக்குப் பாடம் நடத்துகிறானா?

கஷ்டமெல்லாம் அவர்கள் கிளம்பும்போதுதான். பசங்க ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, டீச்சருக்குப் பேனா வாங்க என் கடைக்குத்தான் வந்தார்கள். பேரம் பேசியே கொள்முதல் விலைக்கு இறக்கிவிட்டார்கள். போகிற போக்கில், "அடுத்த பேட்ச் எப்ப வரும், அண்ணாச்சி?" என்று கேள்வி வேறு. நான் என்ன, பயிற்சிக் கல்லூரி பிரின்சிபாலா?