கறையும் களிம்பும்: மாசு குறிக்கும் ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்குதல்

1. சிக்கல்

ஒரு பொருளின் நிறமோ ஒளியோ தூய்மையோ கெடுவதைக் குறிக்க ஆங்கிலத்தில் ஸ்டெய்ன், டார்னிஷ், டெயின்ட், ஸ்மியர், பிளெமிஷ் முதலான சொற்கள் வழங்குகின்றன. துணி, வெள்ளி, உணவு போன்ற பருப்பொருள்களோடு வரும்போது இவற்றைத் தமிழில் வேறுபடுத்திக் கூறுவதில் இடர்ப்பாடில்லை. ஒருவரது பெயர், புகழ் ஆகியவற்றோடு வரும்போதோ, இவை அனைத்தும் 'களங்கம்' என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. நாளிதழ் மொழிபெயர்ப்புகளில் இதனைப் பெருவழக்காகக் காணலாம். இவ்வழக்கு நடையின் வறுமை மட்டுமன்று, சிலவிடங்களில் பொருட்பிழையும் ஆகின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து. மாசு எவ்வாறு வந்தது, எவ்வாறு நீங்கும் என்னும் இரு வினாக்களைக் கொண்டு இச்சொற்களைப் பிரித்தறியலாம்.

2. ஆங்கிலச் சொற்களின் வேறுபாடு

ஸ்டெய்ன் என்பது நிறமேற்றுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையோடு தொடர்புடையது. வெளியிலிருந்து வந்த நிறம் பொருளுக்குள் ஊறி நிற்றலே இதன் அடிப்படை. ஆகவே இச்சொல் எப்போதும் பழிப்பாவதில்லை. தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடிக்கும், நுண்ணோக்கியில் உயிரணுக்களைக் காணப் பயன்படும் சாயத்துக்கும் இச்சொல்லே வழங்குகின்றது.

டார்னிஷ், மங்கச் செய்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையின் வழிவந்தது. இங்குக் கெடுவது ஒளி. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வினைபுரிந்து வெள்ளி கறுப்பதைப் போன்று, பொருளின் மேற்பரப்பே மாறுகின்றது. துலக்கினால் மெருகு மீளும்.

டெயின்ட் என்பதில் நிறமேற்றுதல், தொடுதல் என்னும் இரு வேர்ப்பொருள்கள் கலந்துள்ளன. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவிக் கெடுத்தல் இதன் சிறப்புப் பொருள். இதனோடு தொடர்புடைய அட்டெயின்டர் என்னும் பழைய ஆங்கிலச் சட்ட நடைமுறையில், தண்டனை பெற்றவனின் குருதியே கெட்டதாகக் கொள்ளப்பட்டு, அவன் வழியினர் சொத்துரிமை இழந்தனர். 1870ஆம் ஆண்டுச் சட்டம் இதனை நீக்கியது.

ஸ்மியர் கொழுப்பைக் குறிக்கும் பழஞ்சொல்லடியாகப் பிறந்தது. பூசும் கை ஒன்று இருப்பதை இது எப்போதும் உணர்த்தும். பிளெமிஷ், பெரிதும் நன்றாக உள்ள ஒன்றில் காணப்படும் சிறு குறை.

3. ஐதராபாத் தரும் சான்றுகள்

தெலுங்கு, உருது, ஆங்கிலம் ஆகிய மூன்றும் அருகருகே வழங்கும் ஐதராபாத் நகரம் இவ்வாய்வுக்குத் தக்க களமாகும். அங்குள்ள சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் பிதரி வேலைப்பாட்டுக் கலங்கள் பல உள்ளன. 1956 வரை ஐதராபாத் மாநிலத்தில் இருந்த பிதர் நகரமே இக்கலைக்குப் பெயர் தந்தது. பெரும்பகுதி துத்தநாகமும் சிறுபகுதி செம்பும் கலந்த கலத்தில் வெள்ளியைப் பதித்து, பிதர்க் கோட்டை மண்ணோடு நவச்சாரம் சேர்த்த குழம்பை அதன்மேல் பூசுவர். அடித்தளம் ஆழ்ந்த கருநிறம் பெறும்; வெள்ளி வெண்மை மாறாது நிற்கும். நாளடைவில் அவ்வெள்ளியும் காற்றுப்பட்டுக் கறுக்கும். ஒரே கலத்தில் இரு கருமைகள்: முதலாவது கைவினைஞன் விரும்பி ஏற்றியது, நிலைத்தது, இரண்டாவது தானே படிந்தது, துலக்கினால் நீங்குவது. இரண்டையும் 'கறை' என்று பெயர்க்கும் விளக்கக் குறிப்பு அக்கலையையே குற்றமாக்கிவிடும்.

மற்றொரு சான்று உருதுக் கவிஞர் தாக் தெஹ்லவி. 1831இல் தில்லியில் பிறந்த அவர் ஐதராபாத் நிஜாம் மகபூப் அலிகானின் ஆதரவைப் பெற்று, 1905இல் அந்நகரிலேயே மறைந்தார். அவர் சூடிய புனைபெயராகிய 'தாக்' கறை, தழும்பு, சுட்ட வடு ஆகியவற்றைக் குறிக்கும். அக்பர் காலத்தில் படைக்குதிரைகளுக்கு இடப்பட்ட சூட்டுக்குறிக்கும் அதுவே பெயர். கஜல் மரபில் காதல் உள்ளத்தில் விட்டுச்சென்ற வடு அது. அதனைக் 'களங்கம்' என்று பெயர்த்தால் கவிஞர் தம்மையே பழித்துக்கொண்டவராவார். 'வடு' எனின் துயரும் பெருமிதமும் ஒருங்கே நிற்கும்.

ஒலி ஒற்றுமையும் ஏமாற்றும். தெலுங்கில் 'மச்ச' பெயருக்கு நேர்ந்த இழுக்கையும் குறிக்கும். தமிழ் 'மச்சமோ' பலரால் நற்பேற்றின் அடையாளமாகவே கொள்ளப்படுகின்றது.

4. தமிழின் பாகுபாடு

தமிழில் இவ்வேறுபாடுகள் இல்லாமலில்லை. அவற்றை வினைகள் காட்டுகின்றன. அழுக்கை வெளுக்கிறோம்; கறையைப் போக்குகிறோம்; களிம்பைத் துலக்குகிறோம்; சேற்றைக் கழுவுகிறோம். புண் ஆறினும் வடு மறைவதில்லை. மறு உடன்பிறந்தது, ஆகவே நீக்கத்துக்கு உரியதன்று. உயர்குடியினரின் குற்றத்துக்கு மதியின் மறுவை உவமையாக்கும் குறள் (957), ஒளிமிக்க இடத்தில் சிறு குறையும் விளங்கித் தோன்றும் என்கின்றது. பிளெமிஷ் என்பதற்கு இதனினும் பொருத்தமான சொல் வேண்டுவதில்லை. நஞ்சுண்ட சிவனைக் 'கறைமிடற்றோன்' என்னும் மரபு, ஸ்டெய்னைப் போன்றே தமிழ்க் கறையும் இழிவன்றி நிற்கவல்லது என்பதை உணர்த்தும்.

'களிம்பு' மட்டும் எச்சரிக்கைக்கு உரியது. அடுக்களையில் பித்தளைக் களிம்பு புளியிட்டுத் துலக்க நீங்கும். டார்னிஷோடு அது ஒத்துப்போகும். சைவ சித்தாந்தத்திலோ செம்பில் களிம்பு ஆணவ மலத்துக்கு உவமை. அங்கு அது செம்போடு அநாதியே உடனிருப்பது, காற்றால் பின்னர் வந்ததன்று. அந்நூல்களை ஆங்கிலமாக்குவோர் இவ்விடத்தில் டார்னிஷ் என்று எழுதினால் கொள்கையே பிறழும்.

5. முடிவு

மேற்கூறிய வேறுபாட்டின் பயன் ஓர் எடுத்துக்காட்டால் விளங்கும். ஒரு வேட்பாளரை எதிரிகள் ஸ்மியர் செய்தனர் என்னும் செய்தியை 'அவர் பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தினர்' என்று பெயர்த்தால், களங்கம் ஏற்பட்டுவிட்டதாகவே படிப்பவர் கொள்வர். 'அவர்மீது சேற்றை வாரி இறைத்தனர்' எனின், இறைத்தவர் செயல் மட்டுமே புலப்படும். அவர் குற்றமுடையவரா என்பது தீர்க்கப்படாமலே நிற்கும். முன்னையது தீர்ப்பு, பின்னையது செய்தி. தீர்ப்பளிப்பது மொழிபெயர்ப்பாளரின் பணியன்று. ஆகவே இச்சொற்களுக்கு அகராதிகள் நிகர்ச்சொற்களை அடுக்குவதோடு அமையாது, ஒவ்வொன்றோடும் அதனை நீக்கும் வினையையும் சேர்த்துத் தருவது பயனுடையதாகும்.