கைக்கடிகாரம் பார்க்கும் நாடி

ஒரு நாவலைப்பற்றி அபிப்பிராயம் சொல்லுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது என்ன செய்கிறேன் என்று புறப்பட்டது, அதைச் செய்ததா? யந்திரங்களையும் அதே தராசில் நிறுத்துப் பார்க்கலாம் என்பது என் கட்சி. விளையாட்டுக் கைக்கடிகாரங்கள் இப்போது மணி சொல்லுவதோடு நிற்பதில்லை. இருதயம் நிமிஷத்துக்கு எத்தனை தரம் துடிக்கிறது என்பதையும் மணிக்கட்டில் இருந்தபடியே சொல்லுகின்றன. காலையில் ஓடுகிறவரும் மாலையில் நடக்கிறவரும் அந்த எண்ணைப் பார்த்து வேகத்தைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். எண் மெய்தானா என்று யாராவது கேட்கத்தானே வேண்டும்?

கடிகாரத்துக்கும் நாடிக்கும் உறவு பழசு. ஜான் ஃப்ளாயர் என்ற ஆங்கில வைத்தியர் நாடியை எண்ணுவதற்கென்றே ஒரு நிமிஷம் ஓடும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, 1707-ல் அதைப்பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார். காலத்தை அளக்கிற வேலை கடிகாரத்துக்கு. துடிப்பை உணருகிற வேலை விரலுக்கு. இன்றையக் கடிகாரம் விரலின் உத்தியோகத்தையும் தானே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் விரலிடம் ஒரு நாணயம் இருந்தது. நாடி அகப்படாவிட்டால் அகப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து தேடும். கடிகாரத்திடம் அந்த நாணயம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் நம் விசாரணை.

கடிகாரத்தைக் கழற்றிப் புரட்டினால், அடிப்புறத்தில் பச்சை விளக்குகள் மினுக்குவதைக் காணலாம். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக விழுங்கும். இருதயம் ஒவ்வொரு தரம் துடிக்கும்போதும் தோலின் சிறு குழாய்களில் இரத்தம் சற்று அதிகமாக நிரம்புகிறது. அந்தக் கணத்தில் திரும்பி வரும் ஒளி சற்றே குறைகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கடிகாரம் எண்ணுகிறது. தோலில் ஓடும் இரத்தத்தை ஒளிகொண்டு அளக்கும் இந்த வழியை 1930-களின் கடைசியில் அமெரிக்காவில் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் ஆராய்ந்து எழுதினார். தத்துவத்தில் குற்றம் இல்லை. ஆனால் திரும்பி வரும் ஒளியில் பெரும்பகுதி மாறாமலே இருப்பது. துடிப்பினால் மாறுவது அதில் மிகச் சொற்பமான பங்கு. சந்தைக்கடையில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பதைப் போன்ற காரியம் இது.

உட்கார்ந்திருக்கும்போது சந்தை அடங்கியிருக்கிறது, முணுமுணுப்புக் கேட்கிறது. ஓடத் தொடங்கினாலோ, கை வீசுகிறது. கடிகாரம் தோலின்மேல் நகருகிறது. இடுக்கில் வெளிச்சம் புகுகிறது. அடி வைக்கும்தோறும் இரத்தமே அலம்புகிறது. உடம்பின் ஆட்டத்தை வேறொரு கருவியால் அளந்து, அதைக் கழித்துவிடப் பார்க்கிறார்கள். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் நன்றாக ஓடுகிறவர் நிமிஷத்துக்கு 160, 170, 180 அடிகள் வைக்கிறார். கடுமையாக ஓடும்போது இருதயமும் அந்த அளவுக்குப் பக்கத்திலே வந்துவிடக்கூடும். இரண்டு தாளமும் நெருங்கும்போது கடிகாரம் காலடியை எண்ணிவிட்டு அதை இருதயம் என்று சொல்லிவிடுகிறது. துடிப்பு 140-ல் இருக்க, கடிகாரம் 170 என்று காட்டும். பயந்துபோய் அவர் வேகத்தைக் குறைப்பார். குளிர் காலத்தில் தோலின் குழாய்கள் சுருங்கிவிடுவதும், பளு தூக்கும்போது மணிக்கட்டின் தசைநார்கள் இறுகுவதும் வேறு சங்கடங்கள்.

இதெல்லாம் வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவில் கிளீவ்லண்ட் கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் ஆரோக்கியமான 50 பேரை ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, நாலு மணிக்கட்டுக் கருவிகளை ஈ.சி.ஜி.யோடு ஒப்பிட்டார்கள், முடிவு 2016-ல் வெளிவந்தது. மார்பில் கட்டும் பட்டை ஈ.சி.ஜி.யோடு அநேகமாக ஒத்துப்போயிற்று. மணிக்கட்டுக் கருவிகள் ஓய்வில் நன்றாக இருந்து, உடற்பயிற்சியில் தடுமாறின. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் 60 பேரிடம் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். துடிப்பைப் பொறுத்தவரை ஆறு கருவிகளின் பிழை 5 சதவிகிதத்துக்கு உட்பட்டே இருந்தது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எரிந்த கலோரியைச் சொல்லுவதில் இருந்தவற்றுள் நல்ல கருவியே சராசரி 27 சதவிகிதம் தவறியது! ஒரே கடிகாரம், ஒரே முகப்பு, ஒரே அளவு எழுத்து. ஓர் எண்ணை நம்பலாம், பக்கத்து எண்ணை நம்பக்கூடாது. வாங்கினவருக்கு இது எப்படித் தெரியும்?

தோலின் நிறத்தைப்பற்றியும் ஒரு வழக்கு உண்டு. கருமை நிறமியும் பச்சை ஒளியை விழுங்குவதால், கறுத்த தோலில் கணக்குத் தவறலாம் என்பது நியாயமான சந்தேகம். ஸ்டான்ஃபோர்டு சோதனையில் கறுத்த தோலில் பிழை கூடுதலாகத்தான் இருந்தது. 2020-ல் டியூக் பல்கலைக்கழகத்தார் 53 பேரிடம் செய்த சோதனையிலோ நிறத்தினால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஓய்வைக் காட்டிலும் அசைவின்போது பிழை சராசரி 30 சதவிகிதம் அதிகம் என்பதே அவர்கள் கண்டது. வழக்கு முடிந்துவிட்டதென்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நம்மைப்போன்ற மாநிறத்தாரும் கறுப்பரும் விலை கொடுத்து வாங்குகிற சாமான் எத்தனை கறுத்த மணிக்கட்டுகளில் சோதிக்கப்பட்டது என்று கம்பெனிக்காரரைக் கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு.

தவறுவது கருவிக்குச் சகஜம்; அதை நான் பெரிய குற்றமாக எடுக்கவில்லை. ஒன்றுமே அகப்படாதபோது சில கடிகாரங்கள் எண்ணுக்குப் பதில் வெறும் கோடு காட்டுகின்றன. அது மரியாதையான செய்கை. தவறாக அகப்பட்டபோதுதான் வினை. தூக்கத்தில் கண்ட 62-ம், மலையேற்றத்தில் ஊகித்த 162-ம் ஒரே கம்பீரத்தோடு முகப்பில் நிற்கின்றன. எண்ணோடு அது எவ்வளவு நம்பத்தக்கது என்ற அளவையும் சேர்த்து உள்ளே தருகிற உணர்கருவிகள் இருக்கின்றன. அந்தச் சந்தேகம் மட்டும் வாங்கினவர் கண்ணுக்குப் பெரும்பாலும் எட்டுவதில்லை. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருதயம். குறிப்புப் புத்தகத்தில் பொடி எழுத்தில், இது வைத்தியத்துக்கு உரியதல்ல என்ற வாசகம்.

வேடிக்கைக்காக ஓடுகிறவருக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. இருதய நோயிலிருந்து எழுந்து, ‘120-ஐத் தாண்டாமல் நடங்கள்’ என்று டாக்டர் சொல்லி அனுப்பிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். உண்மைத் துடிப்பு 140 ஆக இருக்கையில் கடிகாரம் 105 என்று காட்டினால், அவர் நிம்மதியாக இன்னும் வேகமாக நடப்பார். அவருக்கு மார்புப் பட்டைதான் ஏற்றது. அது இருதயத்தின் மின் அசைவையே நேராகப் பிடிப்பது. 1977-ல் பின்லாந்தில் தொடங்கிய போலார் கம்பெனி 1980-களின் தொடக்கத்திலேயே அதைக் கம்பியில்லாமல் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

ஆகவே என் தீர்ப்பு இது. ஓய்வுத் துடிப்பு மாதக்கணக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கவும், ஒரே சீராக நடக்கவும் கடிகாரம் நல்ல துணை. விட்டுவிட்டு வேகமாக ஓடும்போதும் பளு தூக்கும்போதும் அதன் பேச்சைப் பாதியாகக் கேட்பதே நல்லது. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, நகராதபடி கட்டிக்கொண்டால் பிழை குறையும். எண் சந்தேகமாகத் தோன்றினால் நின்று, மற்றக் கையின் இரண்டு விரலால் நாடியைப் பிடித்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். நின்ற உடனே எண்ண வேண்டும். தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும்.