நாட்டுக்குறியீட்டுப் பட்டியலும் அரசுரிமையும்: ஒரு மதிப்பீடு

1933ஆம் ஆண்டின் மொண்டெவிடியோ உடன்படிக்கை நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற அரசுகளோடு உறவுகொள்ளும் திறன் ஆகிய நான்கையும் அரசின் கூறுகளாகச் சுட்டுகிறது. ஐ.எஸ்.ஓ. 3166 பட்டியலோ ஐக்கிய நாடுகள் அவையின் பெயர்வழக்கைச் சார்ந்தது. அதில், தானே தேர்ந்தெடுத்த அரசாங்கமுடைய தைவான் ‘சீன மாகாணம்’ என்னும் அடையுடன் இடம்பெறுகிறது. 2008இல் விடுதலையை அறிவித்த கொசோவோவுக்கு அதிகாரபூர்வக் குறியீடு இல்லை. நிலையான குடிகளற்ற அண்டார்டிகாவுக்கு உண்டு.

குறியீடு அரசுரிமைக்குச் சான்றன்று. அப்பட்டியலின் நோக்கமும் அதுவன்று. எனினும் இணையப் படிவங்கள் அதனை ‘நாடு’ என்னும் தலைப்பின்கீழ் அப்படியே எடுத்தாளும்போது, தைவானியர் பலருக்குத் தாம் ஏற்காத பெயரையே தெரிவுசெய்ய நேர்கிறது. பிறர் முடிவைப் பின்பற்றுவது நடுநிலை ஆகாது. அதுவும் ஒரு நிலைப்பாடே. ஆகவே, தான் கொண்ட அளவுகோலைப் பட்டியல் தன் முகப்பிலேயே கூறுதல் வேண்டும்.