தொட்டியும் வளவும்

மயிலாப்பூரில் எங்கள் மொட்டைமாடிக்கு வந்த யாழ்ப்பாணத்து நண்பர், படியேறிய மூச்சு அடங்குவதற்குள் கேட்டார்: "ஏன் எல்லாக் கண்டையும் சாடிக்குள்ள வச்சிருக்கிறியள்?"

கண்டு என்றால் செடி, சாடி என்றால் தொட்டி என்று பிடிபட எனக்கு ஒரு நொடி ஆனது. செம்பருத்தியை அவர் செவ்வரத்தை என்றார். நித்தியகல்யாணி அவருக்குப் பட்டிப்பூ; காகிதப்பூ கடதாசிப்பூ; உரம் பசளை. குரோட்டன்ஸ் மட்டும் வால் எழுத்தை உதிர்த்துவிட்டுக் குரோட்டனாக நின்றது. மூலைத் தொட்டியில் இருந்ததை ஈழத்தலரி என்று நான் சொன்னதும் சிரித்துவிட்டார். மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடி அது. தமிழ் அகராதியில் ஈழத்தலரி, மலையாளத்தில் ஈழச்செம்பகம். கடல் தாண்டி வந்ததற்கெல்லாம் ஈழத்தின் பெயரை வைத்துவிட்டோமோ என்னவோ. சிங்களத்தில் அரலிய, அங்கே விகாரை முற்றங்களில் மரமாகவே நிற்கிறது. என் தொட்டியில் அது என் இடுப்புயரம்.

அவர் கேள்விக்கு மழையைக் காரணம் காட்டலாம். கொழும்பில் இரண்டு பருவமழையும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர். சென்னைக்கு 1,400 அளவு, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆனால் யாழ்ப்பாணத்துக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான், சென்னையைவிடச் சற்றுக் குறைவாகவே. தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வேறு வாரக்கணக்கில் வீசி இலையை உலர்த்தும். இருந்தும் அங்கே குரோட்டன் வேலியைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது.

நில அளவும் விடை சொல்லவில்லை. நம் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. யாழ்ப்பாணத்து ஒரு பரப்பு ஏக்கரில் பதினாறில் ஒன்று, கிட்டத்தட்ட 2,720 சதுர அடி. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இங்கே அந்த ஒரு கிரவுண்டில் எட்டுக் குடித்தனம். மிச்சமிருந்த மண்ணும் கார் நிறுத்த சிமென்ட் பூசப்பட்டுவிட்டது. அங்கே இரண்டு மூன்று பரப்பு வளவில் ஒரு வீடு. கிணறு, வேலி, நடுவே வெறும் மண். வேர் தானே கீழே இறங்கி ஈரத்தைத் தேடிக்கொள்ளும்.

இதனால் ‘செடி வளர்ப்பு’ என்ற ஒரே சொல் இரண்டு ஊர்களில் இரண்டு வேலைகளைக் குறிக்கிறது. மயிலாப்பூரில் அது நோயாளியைக் கவனிப்பது மாதிரி. செம்மண்ணை மூட்டையாக விலைக்கு வாங்குகிறோம். தேங்காய் நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி அதன் உப்பைப் போக்கிவிட்டுச் சேர்க்கிறோம். பிறகு மண்புழு உரம், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. மூன்று சக்கர வண்டியில் தெருவுக்கு வரும் செடிகளில் பல ஆந்திரத்தில் ராஜமுந்திரி அருகே கடியம் நர்சரிகளில் பிறந்தவை. வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இருக்கும். அதை உடைக்காமல் தொட்டியில் இறக்கினால் சித்திரைக்குள் செங்கல்லாகிவிடும். ஓசூர் ரோஜா கொத்தாகப் பூத்து வரும், விற்கிறவர் சத்தியம் செய்யாத குறையாக உறுதி சொல்வார், நாலு மாதத்தில் குச்சி மிஞ்சும். சென்னை வெக்கைக்குப் பன்னீர் ரோஜாதான் தாங்கும் என்பதை நான் மூன்று ஓசூர்ச் செடிகளைப் பலி கொடுத்துத்தான் கற்றேன்.

இதையெல்லாம்விடப் பெரிய எதிரி தண்ணீர். போர்வெல்லில் உப்பு. ஆர்.ஓ. கருவி கழிக்கும் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று செடிக்கு விடுகிறவர்கள் அதைவிடக் கூடுதலான உப்பை ஊற்றுகிறார்கள். முதலில் இலையின் ஓரம் கருகும். பிறகு மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூக்கும். நிலமாக இருந்தால் உப்பு கீழே இறங்க இடமுண்டு. தொட்டியில் அது தங்கிவிடுகிறது. ஐப்பசியில் முதல் நல்ல மழை தொட்டிகளை அலசிவிட்ட பத்தாம் நாள் செடிகள் தளிர்ப்பதைப் பார்த்தால்தான் ஆண்டு முழுக்க நாம் எதை ஊற்றினோம் என்று தெரியும். கத்திரி வெயிலில் பச்சை நிழல்வலை கட்டி, தளச்சூடு ஏறாமல் தொட்டிக்கடியில் செங்கல் வைத்து, இரண்டு வேளை தண்ணீர் விட்டாலும் நான்கைந்து போய்விடும். ஏரிகள் வறண்ட 2019 கோடையில் அரிசி கழுவின தண்ணீரிலேயே என் துளசி பிழைத்தது.

நண்பருக்கு இது வேடிக்கையாக இருந்தது. "ஒரு கொப்பை முறிச்சு ஊன்றிவிட்டால் வந்திடும்தானே?" அவர்கள் ஊரில் வேலிக் கதியாலே கிளுவை, பூவரசு என்று துளிர்த்து நிற்கிற உயிர்க்கம்புதான். பூக்கண்டு பெரும்பாலும் வேலிக்கு மேலாகக் கைமாறும். மழை விட்டதும் கத்தியை எடுத்து வெட்டி அடக்குவதுதான் அங்கே பராமரிப்பு. 2021இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் விலக்கிக்கொண்டபோது நெல்லும் தேயிலையும் பட்ட பாட்டைச் சொன்னார். முற்றத்துச் செவ்வரத்தை அதைக் கவனிக்கவே இல்லையாம்.

பூவைப் பறித்தபின் செய்வதும் வேறு. கபாலீசுவரர் கோயில் மாட வீதியில் பூ முழமாகக் கிடைக்கும்; தொடுத்த பூ. அதனால் வீட்டுத் தொட்டிக்குப் பூத் தரும் கடமை குறைவு. மீதிக்குத் தெருவோர நந்தியாவட்டை இருக்கிறது. விடியற்காலை நடைக்கு வருகிறவர்கள் பையும் கொக்கியுமாக மொட்டைக்கூட விடுவதில்லை. சிங்கள பௌத்த வீட்டில் அரலிய பூவைத் தொடுக்காமல், காம்பில்லாமல், புத்தர் முன் பரப்புகிறார்கள். வாடுவதும் அந்த வழிபாட்டில் சேர்த்தி. இலைக்கு அங்குள்ள மதிப்பு நமக்குப் புதிது. இலங்கையின் அலங்காரச் செடி ஏற்றுமதியில் பூவைவிட இலைக்கே பெரும்பங்கு. மயிலாப்பூர் மாமிகளிடம் அக்லோனிமாவைக் காட்டினால் "பூக்காதா?" என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டு நாடுகளுக்கும் வெள்ளைக்காரன் விட்டுப்போன தோட்டங்களும் உண்டு. இலங்கையின் பேராதனை 1821இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கியது. மகாவலி வளைந்தோட, 147 ஏக்கரில் இன்றும் அரசின் தாவரவியல் தோட்டம். சென்னை வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835இல் தோன்றியது. கதீட்ரல் சாலையில் அதன் நிலத்துக்காக அரசோடு நெடுங்கால வழக்கு. அந்தச் சாலையில் 2010இல் செம்மொழிப் பூங்காவும், 2024இல் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் திறந்தார்கள். போய்ப் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. அங்கே செடிக்கு வேர் விட நிலம் இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமை.

புறப்படும்போது நண்பர் ஒன்று சொன்னார். 1990இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கைவிட்டு ஓடியவர்கள் பல்லாண்டு கழித்து, இராணுவத்தின் கையிலிருந்த நிலம் விடுவிக்கப்பட்டபோது திரும்பினார்கள். வீட்டுக்குச் சுவர் இல்லை, வேலி இல்லை, எது யார் வளவு என்று தெரியவில்லை. கிணற்றையும் மரங்களையும் வைத்துத்தான் சிலர் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்தார்களாம்.

போன மாதம் எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தவர்கள் வாடகை ஏறியதால் மடிப்பாக்கம் போனார்கள். கட்டில், பீரோ எல்லாம் ஏற்றியபின் டெம்போவின் பின்பக்கம் இருபத்திரண்டு தொட்டிகள். கடைசித் தொட்டியைத் தூக்கியபின் மாடித் தரையில் வரிசையாக உப்பு வளையங்கள்.