'பரவால்ல'வுக்கு எத்தனை மார்க்?

ஒரு மென்பொருள் உபயோகிக்க எப்படி இருக்கிறது என்று நண்பரைக் கேளுங்கள். 'பரவால்ல' என்பார். இந்தப் 'பரவால்ல'வைக் கணக்கில் பிடிக்க முடியுமா?

முடியும் என்கிறது ஃபஸ்ஸி லாஜிக். இதன் விதை, பெர்க்லி பேராசிரியர் லாட்ஃபி ஸாடே 1965-ல் எழுதிய கட்டுரை. இல்லை, ஆம் என்ற 0, 1-க்கு நடுவே 0.3, 0.7 எல்லாம் உண்டு என்றார். 1987-ல் ஜப்பானின் செண்டாய் நகரில் இதை வைத்துச் சுரங்க ரயிலே ஓட்டினார்கள்.

மென்பொருளின் சுலபத்தை அளக்கவும் இதைக் கூப்பிடுகிறார்கள். 'கற்பது எளிது, தவறுகள் சுமார், திருப்தி அதிகம்' என்று வார்த்தைகளை வாங்கி, விதிகளில் போட்டு அரைத்தால், கடைசியில் 0.72 என்பதுபோல ஓர் எண் விழும்.

எனக்கு இங்கேதான் உதைக்கிறது. 'சுமார்' எங்கே முடிந்து 'நன்று' எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போடுவது யார்? பெரும்பாலும் நிபுணர், உபயோகிப்பவர் அல்ல. மங்கலை மதிக்கப் புறப்பட்டு, இரண்டு தசம ஸ்தானத்துக்குத் துல்லியம் காட்டுவது வேடிக்கை. ரயில் தப்பு செய்தால் பிளாட்பாரம் தாண்டி நிற்கும், தெரிந்துவிடும். 0.72 தப்பென்று எப்படித் தெரியும்?

எண்ணே வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு பதிப்புகளை ஒப்பிட உதவும். ஆனால் அதற்கு முன் உங்கள் எழுபது வயது அத்தையிடம் பாங்க் செயலியைக் கொடுத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் விரல் எந்தப் பொத்தானுக்கு மேல் தயங்குகிறது என்று பாருங்கள். திருத்தவேண்டிய இடம் அதுதான்.

அத்தைக்குப் பணம் போச்சா, போகலையா? அதில் மட்டும் ஃபஸ்ஸி கிடையாது.